பெயர் கேட்காத பலகை

"சிஸ்டம் பொய் சொல்லாது சார்."

'நிச்சயமா?' என்று மேனேஜர் கேட்டதற்கு, ஒரு பிடி அழுத்தியே சொன்னான் சர்வர் தம்பி. ஆபீசின் உள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் அது. டீ வேண்டுமென்றாலும் அவனைக் கூப்பிட்டுத்தான் கிண்டல் செய்வார்கள்.

அந்தத் தளத்தில் ஒரு கருத்துப் பலகை இருந்தது. அதில் யாரும் பெயர் எழுத வேண்டியதில்லை. ஆனால் எந்த லாகினிலிருந்து வந்தது என்பதைத் தளமே கண்டுபிடித்து உள்ளுக்குள் குறித்துக்கொள்ளும். இது அவனையும் மேனேஜரையும் தவிர யாருக்கும் தெரியாது.

முந்தின நாள் அதில் ஒரு வரி முளைத்திருந்தது. 'மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் அறையில் ஓடும் மோட்டாரை யாராவது நிறுத்துங்கள். நடுநடுவே விசில் வேறு அடிக்கிறது.' குறட்டை என்று எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது. ஆபீசே வயிறு வலிக்கச் சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாருன்னு பார்த்துச் சொல்லு" என்றார். பார்த்தான். பில்லிங் அக்கா.

அக்காவைக் கூப்பிட்டார்கள். "நான்தான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்று கேட்பதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்கு மாற்றல் என்றார் மேனேஜர்.

"சின்னவள ஸ்கூல்ல விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி எப்படி சார் போவேன்?"

"அதெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

மதியம் டிரைவர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, எனக்கு எப்பப்பா பிரமோஷன் குடுத்தீங்க? தளத்தைத் தொறந்தா 'வணக்கம், மேனேஜர்'னு கும்பிடு போடுது. வண்டிய இனிமே அவர ஓட்டச் சொல்லவா?"

சர்வர் தம்பி போனை வைத்தான். ஓடிப்போய்ப் பார்த்தான். அண்ணனின் லாகின் சரியாக இருந்தது. கம்ப்யூட்டரும் சரியாக இருந்தது. தளம்தான் ஆளை மாற்றிச் சொன்னது.

அக்கா கை கழுவப் போன நேரம் பார்த்து அவர் சீட்டில் உட்கார்ந்து, தன் லாகினைப் போட்டான். சீட்டை ஒட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் அறையில் மேனேஜர் செருமினார். காதுக்குள்ளேயே செருமியது போலிருக்க, பதறி எழுந்தேவிட்டான். மறுபடி உட்கார்ந்து திரையைப் பார்த்தால், அதுவும் 'வணக்கம், மேனேஜர்' என்றது.

நோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. தளம் மெதுவாகத் திறக்கிறதென்று போன வாரம் நடுவில் ஓர் இயந்திரத்தை அவனேதான் வைத்திருந்தான். ஒருவர் திறந்த பக்கத்தை அது பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்தவருக்குச் சட்டென்று நீட்டும். பக்கத்தோடு நிறுத்தாமல் முன்னவருடைய அடையாளத்தையும் சேர்த்து நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் ஒரே டோக்கனை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதுபோல.

அப்படியானால் அக்கா பெயரில் பதிவானதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்! காலையில் அத்தனை மிடுக்காகச் சொன்ன அந்த வாக்கியம் நினைவுக்கு வந்து, அவன் காது மடலெல்லாம் சுட்டது.

மூடி மறைத்திருக்கலாம். இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அக்கா டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். மகள் கிரேயானால் கிறுக்கிய படம் ஒன்றைக் கிழியாமல் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு அவன் கால் மேனேஜர் அறைக்குத்தான் போனது.

"சார், தப்பு என்னோடது. அது அக்கா எழுதினதுன்னு சொல்ல முடியாது."

"சிஸ்டம் பொய் சொல்லாதுன்னியே?"

"சொல்லுது சார்."

"அப்ப எழுதினது யாரு?"

"இனிமே கண்டுபிடிக்க முடியாது சார்."

மேனேஜர் மாற்றல் உத்தரவைக் கிழித்துப் போட்டார். அந்தக் கோபத்தோடு அவனை ஹாலுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். எல்லோர் எதிரிலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

கேட்டான். அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சரி சரி, விடுப்பா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தன் முகத்தில் விழிக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவன் கூனிக் குறுகிப் போனான்.

சாயங்காலம் அவன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பையை மூடிக்கொண்டிருந்தபோது, அக்கா வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா, அட்டையக் கழட்டி வெச்சிருக்க?"

"நாளையிலேர்ந்து வரலக்கா. ஒரு தப்பும் செய்யாத உங்கள அத்தன பேர் முன்னாடி அழ வெச்சிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இங்க உக்காருவேன்?"

அக்கா ஹாலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார். அட்டையை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த விசில் சத்தம் என் சீட்ல உக்காந்தா மட்டும்தாம்ப்பா கேக்கும்."