அலை அடிக்காத வழி

"அலை அடிக்காத வழி எது, ரோண்டா? அதை மட்டும் சொல்லு" என்று மேடி கேட்டாள். வாழைப்பழப் புட்டிங்கைப் பரிமாறிக்கொண்டிருந்த ரோண்டாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"கடலுக்குப் போயி அலை வேண்டாம்னா எப்படி? குளிக்கிற தொட்டியிலதான் கப்பல் விடணும்" என்றான் மேடியின் அப்பா வேட்.

"வாந்தி எடுக்கறவங்களுக்குத்தானே தெரியும்? உனக்கென்னப்பா!"

பதினைந்து வயதுப் பெண் அவள். அப்பாவுக்கு இளையாளாக வந்த ரோண்டாவிடம் உப்பை எடு, சாவியைக் கொடு என்பதற்கு மேல் பேசியதில்லை. போன கோடையில் ஏரிப் படகில் ஏறி, கரை திரும்பும்வரை வாந்தி எடுத்தவள் ரோண்டா. அதை இந்தப் பெண் மனதில் வைத்திருக்கிறாளே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாமியார் வெர்னா, தன் எழுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பத்தையே கரீபியன் கப்பலில் கூட்டிப் போவதாக அறிவித்திருந்தாள். செலவு முழுக்க அவளுடையது. எந்த வழியில் போவது என்று விசாரித்துச் சொல்லும் வேலை ரோண்டாவுடையது. கரும்பு தின்னக் கூலியா என்று அவளும் ஏற்றுக்கொண்டாள்.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்தால் மேசையில் ஹாம் இறைச்சியோடு சண்டையும் பரிமாறப்படும்.

"கிழக்குப் பக்கம்தான் போகணும். செயின்ட் தாமஸ்ல வரி இல்லாம வைரம் கிடைக்கும்" என்பாள் வெர்னா.

"உன் கழுத்துல இருக்கறதே போதும்மா, இன்னும் மாட்டினா கப்பல் சாஞ்சிடும். மேற்கே போவோம். கோசுமெல் தீவுல மீன் பிடிக்கலாம்" என்பான் வேட்.

"நீ பிடிச்ச மீனை இதுவரைக்கும் யாருடா பாத்திருக்கா?"

ரோண்டாவின் ஆசையோ தெற்கே இருந்தது. அரூபா தீவின் படம் ஒன்று, கல்யாணமான நாளிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அவள் வாய் திறந்து சொன்னதில்லை. அந்த வீட்டில் அவள் மாமியாரைக் கூப்பிடுவதே 'மிஸ் வெர்னா' என்றுதான். 'மம்மா' என்று கூப்பிட்ட மருமகள் வேடின் முதல் மனைவி ஷெரி, மேடியைப் பெற்றவள். விவாகரத்து வாங்கிக்கொண்டு அவள் போன பிறகும் அந்த உரிமையை வெர்னா இவளுக்குக் கொடுக்கவில்லை.

மேடி கேட்ட அன்றே ரோண்டா அரூபாவைக் கைகழுவினாள். கிழக்கே போனால் அட்லாண்டிக் தூக்கித் தூக்கிப் போடும், மேற்கே கொஞ்சம் சாது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஆட்டம் தெரியாத கீழ்த்தளத்து நடு அறைகளாகப் பார்த்துக் குறித்தாள். கோசுமெலிலும் வைரம் விற்கிறார்கள் என்று வெர்னாவைச் சரிக்கட்டியதும் அவள்தான். பெயர் கொடுப்பதையும் பணம் கட்டுவதையும் மட்டும் வெர்னா தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"பிஸ்கட்டை என்ன செய்யறது? அதுக்கு நாய் விடுதியில இடம் சொல்லி வைக்கட்டுமா?" என்று வேடிடம் கேட்டாள் ரோண்டா.

"வேண்டாம். அதுக்கு ஏற்பாடு இருக்கு" என்றான் அவன், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஊரில் கப்பல் ஏறும் குடும்பம் ஒரே மாதிரி சட்டை போடாவிட்டால் அது குடும்பமே இல்லை. 'ப்ரூயிட் குடும்பம்' என்று நெஞ்சில் அச்சடித்த டி-ஷர்ட்டுகளுக்கு மேடிதான் அளவு சொன்னாள். "அப்பாவுக்கு எக்ஸ்ட்ரா லார்ஜ், பாட்டிக்கு லார்ஜ், எனக்கு மீடியம். இன்னொண்ணு ஸ்மால்."

"ஸ்மாலா! என்னைப் பாத்தா ஸ்மால் மாதிரியா இருக்கு?" ரோண்டா விழுந்து விழுந்து சிரித்தாள். மேடி போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

பெண் ஆசையாகச் சொன்னதை மாற்றுவானேன் என்று ரோண்டா ஸ்மாலே வாங்கினாள். பிறகு அந்தச் சட்டைக்காக உடம்பைக் குறைக்கப் புறப்பட்டாள். தான் செய்த புட்டிங்கைத் தானே தொடவில்லை. அவித்த கோழியைத் தின்று, ஃப்ளோரிடா வெயிலில் நடந்து நடந்து கால் கொப்பளித்து, நாய் படாத பாடு பட்டாள். பைத்தியக்காரி, அதிலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போனவள், சட்டையை மாட்டிக்கொண்டு, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்தபடி வந்து நின்றாள். தோள் தையல் எந்த நிமிடமும் தெறிக்கும் போலிருந்தது. ஆனாலும் உள்ளே நுழைந்துவிட்டாள்.

"எப்படி? போட்டுட்டேன்ல!"

மேடி பதறி எழுந்தாள். "ஐயையோ, அதை ஏன் போட்டே? விரிஞ்சிடும், கழட்டு!"

ரோண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேடைப் பார்த்தாள். அவன் தட்டிலிருந்த ஹாமை வெட்டிக்கொண்டே இருந்தான். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

"அப்பா, நீ இன்னும் சொல்லலையா?"

"பாட்டி சொல்லுவாங்கன்னு இருந்தேன்" என்றான் வேட், நிமிராமல்.

மேசைக்கடியிலிருந்து பிஸ்கட் வாலை ஆட்டிக்கொண்டு வந்து ரோண்டாவின் காலில் உரசியது. வெர்னா நாப்கினால் வாயை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல வழியாத்தான் பாத்துக் குடுத்திருக்கே, ரோண்டா. ஷெரிக்கு அலைன்னாலே ஆகாது."

"அப்போ... நான்?"

"நாய்க்கு ஒரு ஆள் வேணும்ல?"