டீச்சர் போகவில்லை

"பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. போகலை. புருஷன் பக்கத்துலயே படுத்துக்கிட்டா" என்று அவள் கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

திரையில் அந்த டீச்சர், பக்கவாதம் வந்து கிடந்த புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெட்டியோடு தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். நல்லவேளை, பேச்சே இல்லாத கடைசிக் காட்சி. பொய் சொல்வதற்குத் தோதாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு அம்மா "அடிப்பாவி" என்றாள்.

"அவங்க யாரைத் திட்டறாங்க?" என்று கேட்டான் அவன்.

"பக்கத்துல இருக்கிற பொண்ணு பாப்கார்னைக் கொட்டிடுச்சு."

அவன் தலையாட்டிக்கொண்டான்.

தெருவில் மெக்கானிக் என்றால் இன்றைக்கும் அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் பேட்டரி வெடித்து, ஆசிட் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவை மட்டும் அவன் விடவில்லை. கடைசி வரிசையில் மூலை சீட்டு. வசனத்தை அவன் கேட்டுக்கொள்வான், வசனம் இல்லாத இடத்தை அவள் சொல்ல வேண்டும். படம் விட்டதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று இருவரும் படத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

வழக்கமாக எந்தப் படம் என்று முடிவு செய்வது அவள். இந்த வாரம் அவனே பெயரைச் சொல்லி, இதற்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தான். கதை இப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால் அவள் தலைவலி என்று சொல்லிப் படுத்திருப்பாள். அவள் கைப்பையின் உள்ளறையில், நாளை மத்தியான ரயிலுக்கு ஒரு ஆளுக்கான டிக்கெட் இருந்தது.

வெளியூர் கார்மென்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது, தங்குவதற்கு ஹாஸ்டலும். வந்து உங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாத்தனாருக்கு நேற்றே கடிதம் போட்டாகிவிட்டது. துணிமணியும் அடுக்கியாகிவிட்டது. ஒரே சங்கடம், அந்தப் பழைய பெட்டியின் சக்கரம். இழுத்தால் ஊரைக் கூட்டும். அவனுக்கோ பாம்புச் செவி, பகல் தூக்கத்தில் பல்லி விழுந்தால்கூட எழுந்துவிடுவான். தெருமுனை வரைக்கும் அதைத் தூக்கிச் சுமப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அவன் கெட்டவன் இல்லை. குடிப்பவனாகவோ அடிப்பவனாகவோ இருந்திருந்தால் என்றைக்கோ நிம்மதியாகப் போயிருப்பாள். விடிந்தால் கம்பெனி, திரும்பினால் அடுப்பு, நின்றால் நடந்தால் தோளில் அவன் கை. அவளுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

படம் விட்டதும் டீக்கடை பெஞ்சில் டீ கிளாஸை அவன் கையில் கொடுத்தபோது பார்த்தாள், கட்டைவிரல் நகமெல்லாம் கருப்பாக இருந்தது.

"என்ன இது, கையில கிரீஸ்?"

"காலைல நீ குளிக்கப் போனப்போ வாசக்கதவுக் கீலுக்குப் போட்டேன். ரொம்பத்தான் கத்துது."

கண் போனாலும் கை சும்மா இருக்காது இந்த மனுஷனுக்கு என்று நினைத்தபடி கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் நாளைக்கு ரயில் ஏற முடியாது என்று பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டாள்.

அவன் ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு, "டீச்சர் பண்ணது தப்பு" என்றான்.

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "போகாம இருந்ததா தப்பு?"

"ஆமா, போயிருக்கணும். பாவம் பாத்துப் பக்கத்துல படுத்தா, அது கிடக்கிறவனுக்குத் தெரியாதா? தினம் குத்தாதா?"

"அப்ப அவனை யாரு பாத்துப்பா?"

"பழகிப்பான். அதான் பாதி உடம்பு மிச்சம் இருக்கே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் வருகிறவன் என்றால் யாரும் எதையும் சொல்லலாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? நாளைக்கு இந்நேரம் இதே வாய் தன்னைச் சபிக்கும் என்று நினைத்தபடி மிச்ச டீயைக் கீழே கொட்டினாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் வீடு வந்துவிட்டார்கள். அவள் பூட்டைத் திறந்து வாசல் கதவைத் தள்ளினாள். கீல் எப்போதும்போல் கிறீச்சென்று கத்தியது. அது அவள் காதில் ஏறவில்லை. நாளைக்கு அவனுடைய மத்தியானச் சாப்பாட்டை எங்கே எடுத்துவைத்தால் கைக்கு எட்டும் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவன் கட்டிலைத் தடவி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். என்ன என்று கேட்டபடி கிட்டே வந்தாள்.

"போறப்போ பெட்டியைத் தூக்கிச் சுமக்காத. சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுட்டேன்."