படியேற ஒரு பதில் ஆள்

1969-ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராயபுரம் ஸ்டானிஸ்லாஸ் கிளினிக்கில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஜைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், வெள்ளைக் கோட்டுக்காரர். எதிரே முக்காலியில், சட்டையைக் கழற்றிய அருள்பிரகாசம். சுவரோர பெஞ்சில் சிலுவைமுத்துவும் அவர் மனைவி அடைக்கலமேரியும். மருந்து கட்டித் தரும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஸ்டூல் மட்டும் காலி.

"உன் பேரு?" என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர்.

"சிலுவைமுத்து" என்றார் அருள்பிரகாசம்.

பெஞ்சில் இருந்த நிஜச் சிலுவைமுத்து விட்டத்தைப் பார்த்தார்.

அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். தவக்கால வெள்ளியன்று வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றவர், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். உடனே மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு மரப்படி போட்டு, ஏறி இறங்க வைத்து, இதயத்தைச் சோதிப்பார்களாம். தேறியதாக டாக்டர் கடிதம் வந்தால் விஞ்ச், வராவிட்டால் வீடு.

அந்தப் படியில் ஏறிய திருவொற்றியூர்க்காரர் ஒருவர் இறங்கவே இல்லை என்று சிலுவைமுத்துவிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

துறைமுகத்தில் ஒருவருக்கு முடியாவிட்டால், அவருடைய அட்டையோடு பதில் ஆள் போய் நிற்பது வழக்கம். மேஸ்திரி தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. மூட்டை தூக்கப் பதில் ஆள் போகலாம் என்றால் படியேறப் போகக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பு என்ற ஒப்பந்தத்தில் கூட்டாளி அருள்பிரகாசம் கிளம்பி வந்துவிட்டார்.

மார்பில் கம்பிகளைப் பொருத்தியதும்தான் அவருக்குச் சந்தேகங்கள் முளைத்தன.

"டாக்டரே, ஏறசொல்ல நெஞ்சு நின்னுபூட்டா இன்னா பண்ணுவீங்கோ?"

"நெஞ்சு வலிச்சா உடனே சொல்லு, நிறுத்திடலாம்."

"சொல்றதுக்குள்ள நின்னுபூட்டா?"

வெள்ளைக் கோட்டுக்காரர் தடிமனான புத்தகம் ஒன்றைப் புரட்டினார். பிறகு எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டார். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். போலீஸை எதிர்பார்க்கிறார் என்று நினைத்த சிலுவைமுத்து பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

அருள்பிரகாசம் விடவில்லை. "செத்துப்பூட்டா சர்டிபிகேட்டு யாரு பேர்ல குடுப்பீங்கோ?"

"உன் பேர்லதான். சிலுவைமுத்துன்னு."

"அப்போ என் வூட்டுக்காரிக்கு ஒண்ணும் கெடைக்காதா?"

அடைக்கலமேரி முந்தினாள். "இன்னாய்யா, நான்தான் குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேனே."

வெள்ளைக் கோட்டுக்காரர் துறைமுக அட்டையை எடுத்தார். அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. அருள்பிரகாசத்தின் புருவத்தைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. பெஞ்சைப் பார்த்தார். அங்கே சிலுவைமுத்துவின் கைக்குட்டை இடது புருவத்தைப் பொத்திக்கொண்டிருந்தது.

"தழும்பு எங்கே?"

"மாதா புண்ணியத்துல மறைஞ்சி போச்சு டாக்டரே" என்றாள் அடைக்கலமேரி.

வெள்ளைக் கோட்டுக்காரர் அட்டையை மேஜையில் வைத்தார். "சரி, ஏறு" என்றார் அவர்.

அருள்பிரகாசம் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிலுவைமுத்துவுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

வெள்ளைக் கோட்டுக்காரர் காகிதத்தை எடுத்து, நிமிராமல் எழுதினார்.

சிலுவைமுத்து பெஞ்சிலிருந்து எழுந்தார். "டாக்டரே, அது ஹார்பருக்கா, டேசனுக்கா?"

எழுதியதை வெள்ளைக் கோட்டுக்காரர் உரக்கப் படித்தார். சிலுவைமுத்துவின் இதயம் திடமாக இருக்கிறது. விஞ்ச் தாராளமாக ஓட்டலாம். கடிதம் துறைமுகத்துக்கு இன்றே தபாலில் போய்விடும்.

மூவரும் கும்பிட்டபடி பின்பக்கமாகவே நடந்து, தாழைத் திறந்து, தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"தழும்பைப் பாத்துட்டாரே, அப்பறம் ஏன் நம்மளை உட்டாரு?" என்றாள் அடைக்கலமேரி.

"பெரிய மனுசன்" என்றார் சிலுவைமுத்து, கண் கலங்க. "ஏழைங்க மேல எரக்கம்."

உள்ளே வெள்ளைக் கோட்டுக்காரர் கவரைப் பசை போட்டு ஒட்டி, கிளினிக் முத்திரையைக் குத்தி, அந்த நேரம் பார்த்து வந்த தபால்காரரிடம் கொடுத்து அனுப்பினார்.

அதைப் பைக்குள் போட்டபடியே தபால்காரர் கேட்டார்: "இன்னா கம்பவுண்டரே, வேளாங்கண்ணிக்குப் போன டாக்டரு இன்னும் வர்லியா?"