ஜூன் முதல் செப்டம்பர் வரை

நங்கூரம் சேற்றில் பிடித்ததும் படகு ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கியது.

"இதுதானா அண்ணே?" என்றாள் நிலானி.

படகின் சொந்தக்காரர் யூசுப் தலையாட்டினார்.

பினாங்குத் தீவின் மேற்கே, சாலை எட்டாத ஒரு சின்ன விரிகுடா. மூன்று பக்கமும் காடு. தண்ணீர் அசையவே இல்லை. பாழாய்ப்போன இடம், ஜனவரியில் இவ்வளவு அழகாக இருந்து தொலைக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன், ஜூலையில், மேற்கிலிருந்து திடீரென்று ஒரு காற்று வந்து இறங்கியது. நிலானியின் கணவன் கார்த்திகன் ஓட்டிவந்த பாய்மரப் படகை நங்கூரத்தோடு பெயர்த்து, அதோ அந்தப் பாறைகளில் அடித்து உடைத்தது. கூட இருந்தது ஒன்பது வயது மகள் அதிரா. இரண்டு பேருமே மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் மகளுக்குப் பூப்போட வேண்டும் என்று நிலானி கேட்டாள். மகளுக்கு மட்டும். மாட்டேன் என்று யூசுப்பால் எப்படிச் சொல்ல முடியும்?

கார்த்திகன் மேல் அவளுக்கு ஆறாத கோபம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் ஐயர் அவன் பெயரைச் சொன்னதுமே எழுந்து உள்ளே போய்விட்டாள். டத்தோ கிராமாட் பகுதியில் இருக்கும் வீட்டில் அவன் படத்தை மாட்ட விடவில்லை. மாமியார் கனகேஸ்வரி காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் மசியவில்லை. பெற்ற வயிறு, பாவம், மகன் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் யூசுப் எழுதிய ஒரு வரி.

லங்காவியிலிருந்து லுமுட் வரை எங்கே நங்கூரம் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று யூசுப் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கரையில் பாய் விரிக்கிறவர்களுக்கு அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கார்த்திகனும் அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தான்.

இந்த விரிகுடாவைப் பற்றி அவர் எழுதிய பக்கம் நிலானிக்கு மனப்பாடம். ஆழம் நாலு மீட்டர். சேற்றுத் தரை. நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். குளம்போல அமைதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தங்கவே கூடாது.

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க அண்ணே. படிச்சிட்டும் என் பிள்ளைய கூட்டிட்டு வந்திருக்காரு லா, அந்த மனுஷன்."

யூசுப் நங்கூரக் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

அவள் மல்லிகைச் சரத்தைத் தண்ணீரில் விட்டாள். மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கையில் இன்னொரு சரம் இருந்தது. அதைப் போடவும் மனமில்லை, திருப்பிக் கொண்டுபோகவும் மனமில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணே. அவரு அந்தக் கடைசி வரிய பாக்காம விட்டிருப்பாரா?"

கேள்வியில்லை அது, கெஞ்சல். ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணவனை மன்னித்துவிடுவாள். அந்தப் படம் சுவருக்கு வந்துவிடும்.

யூசுப் பாறைகளைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"பாத்திருப்பாரும்மா."

நிலானி மிச்சப் பூவைப் பைக்குள் திணித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களாவது எழுதி வச்சீங்களே அண்ணே."

யூசுப் இந்த விரிகுடாவுக்கு வருவது வருடம் தவறாமல் ஜனவரியில்தான். குளம்போல அமைதி என்று எழுதியதும் ஒரு ஜனவரியில்தான். மாதத்தைக் குறிப்பிட வேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

கடைசி வரியை அவர் சேர்த்தது போன ஜூலையில், இரண்டு சடலங்கள் கரை ஒதுங்கிய செய்தி கேட்ட அன்று காலை.