சூளைக்குப் போன கடுதாசி

பொம்மைக் கம்பெனி வாசலில் ஆட்டோ நின்றதும் நிற்காததுமாக இறங்கி உள்ளே போனாள் அன்புக்கரசி. கண்மண் தெரியாத கோபம்.

பின்னே என்ன? அப்பா கட்டிக் காத்து வைத்திருந்த கடிதங்களில் அம்மா கை வைத்திருக்கிறாள். அதுவும் வேலைக்கு வந்த இடத்தில், பொம்மை சுடும் சூளையில் போட்டு எரித்திருக்கிறாள். சூளையில் வேலை பார்க்கும் வேம்பு போனில் சொல்லியிராவிட்டால் விஷயமே வெளியில் வந்திருக்காது.

அப்பா சாதாரண ஆளில்லை. பபூன் சிங்காரவேல். விருத்தாசலம் வட்டாரத்தில் திருவிழா நாடகம் என்றால், ராஜா வேஷம் யாருக்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பபூன் யார் என்றுதான் கேட்பார்கள்.

அவர் இறந்து சில வருஷம் கழித்து, பாலகிருஷ்ணன் என்றொரு பேராசிரியர் சிதம்பரத்திலிருந்து விசாரித்துக்கொண்டு வந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியதும் மனுஷர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிங்காரவேல் தனக்கு வந்த எந்தக் கடிதத்தையும் தூக்கி எறிந்ததில்லை. மூலையில் மஞ்சள் தடவி, நாடகத்துக்குத் தேதி கேட்டு வந்தவை ஒரு கட்டு. வீட்டாரும் கூட நடித்தவர்களும் எழுதியவை இன்னொரு கட்டு.

ஒன்று விடாமல் புத்தகமாகப் போட்டுவிடலாம் என்றார் பேராசிரியர். வெளியீட்டு விழா உள்ளூரிலேயே. மகள் என்ற முறையில் அன்புக்கரசி மேடையில் பேச வேண்டும். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அத்தனை டீச்சர்களுக்கும் இப்போதே சொல்லியாகிவிட்டது.

நாளைக்குப் பெட்டியை எடுத்துப் போக அவர் வருகிறார். இன்றைக்கு அம்மா இந்தக் காரியம் பண்ணியிருக்கிறாள்.

எந்தக் கடிதங்கள் போயிருக்கும் என்று அன்புக்கரசிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கனகா எழுதியவைதான். அப்பாவோடு ஜோடியாக ஆடிய நடிகை. அந்தக் காலத்தில் ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. அப்போதெல்லாம் வாயைத் திறக்காத அம்மா, ஆள் போய்ச் சேர்ந்த பிறகு வஞ்சம் தீர்த்துக்கொள்கிறாள். செத்தவரிடம் என்ன பொறாமை வேண்டிக்கிடக்கிறது?

வீட்டில் சும்மா உட்கார மாட்டேன் என்று இந்த வயசிலும் வேலைக்கு வரும் அம்மா கொளஞ்சியம்மாள், பிள்ளையார் பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கடுதாசிய எரிச்சியா?"

"எரிச்சேன்."

இல்லை என்று சொல்லியிருந்தாலாவது கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும். அன்புக்கரசி பிடித்துக்கொண்டாள். அதெல்லாம் ஊர்ச் சொத்து, உனக்கு ஏது உரிமை, பேராசிரியர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று நிறுத்தாமல் கேட்டாள். பக்கத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"அவரு பேரு வெளங்குறது ஒனக்குப் பொறுக்கல. இந்தக் குடும்பத்துல அவரைப் பெருமையா நெனைக்கிறது நான் ஒருத்திதான்."

அந்தப் பேச்சுக்கு மட்டும் கொளஞ்சியம்மாள் தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, மகளை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"கனகா எழுதுனதெல்லாம் பொட்டியிலதான் இருக்குது. அண்ணே அண்ணேன்னுதான் எழுதியிருக்கா, பாவம். புஸ்தகத்துல போட்டா போடட்டும். நான் எரிச்சது ஒரே ஒரு கடுதாசி."

அன்புக்கரசி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"அது மட்டும் என்னா பாவம் பண்ணிச்சி?"

"சாவுச் சேதி சொன்ன கடுதாசி. படிச்ச கையோட கிழிச்சிப் போடணுமா இல்லியா? வூட்டுக்குள்ள யாராச்சும் வெப்பாங்களா? எம்மாம் சொல்லியும் ஒங்கப்பா கேக்கல. பொட்டிக்கு அடியிலயே வெச்சிருந்தாரு."

அன்புக்கரசி தலையில் அடித்துக்கொண்டாள். கருமாதிக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம்தான். அதற்காக, இத்தனை வருஷம் கழித்து ஒரு பழங்காகிதத்துக்குப் பயப்படுவதா? படித்தவள் வயிற்றெரிச்சல் இவளுக்கு எங்கே புரியப்போகிறது.

"ஒன் சாங்கியத்துல தீய வெக்க. அதுகூட புஸ்தகத்துக்கு வேணும்மா. யாரு செத்த சேதி அது? அதையாவது சொல்லு, எழுதியாவது குடுக்கறேன்."

கொளஞ்சியம்மாள் சுற்றும்முற்றும் பார்த்தாள். கம்பெனிப் பெண்கள் ஜன்னல் பக்கம் நின்றார்கள். அவர்கள் காதில் விழாதபடி குரலை இறக்கினாள்.

"ஒங்கப்பா செத்த சேதிதான். 'பபூன் பொண்ணுன்னு சிரிப்பாங்க, எங்கப்பா செத்துட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், ஆண்டு விழாவுக்கு வந்துடாதீங்க'ன்னு கடலூர் ஆஸ்டல்லேருந்து நீ போட்டியே, அந்தக் கடுதாசி. அது புஸ்தகத்துல வந்தா, நீ எப்பிடிம்மா மேடையில ஏறி நிப்ப?"