கறுப்பு டேப்

முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஸ்டேடியத்துக் கழிப்பறையின் ஈரத் தரையில் மண்டியிட்டு, குழாயில் பொறித்த கம்பெனிப் பெயரின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டுகிறாள் அவள். விளம்பரத்துக்குப் பணம் கட்டாத எந்தக் கம்பெனியின் பெயரும் உலகக் கோப்பைக் கால்பந்து முடிகிறவரை யார் கண்ணிலும் படக் கூடாதாம். கை கழுவும் தொட்டி, கை உலர்த்தும் பெட்டி, கண்ணாடியின் மூலை, எதையும் விடக் கூடாது. ஈரத்தில் டேப் பிடிக்காமல் வழுக்குகிறது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் கட்டைவிரலால் அழுத்துகிறாள். வெளியே ஒலிபெருக்கியில் ஒரு குளிர்பானத்தின் பாட்டு பாதியில் நின்று, முதலிலிருந்து தொடங்குகிறது. சூப்பர்வைசர் வாசலில் வந்து நிற்கிறான். “தம்பி, எம் பொண்ணுக்குச் சொன்ன டிக்கெட் என்னாச்சு?” “எல்லாம் ஸ்பான்சருக்கே போயிடுச்சுக்கா.” “இந்தத் தடவை டீமும் ஜாஸ்தி, மேட்ச்சும் ஜாஸ்தின்னு ஊர் பூரா பேனர் கட்டுனது நாங்கதானே? ஜாஸ்தியானதெல்லாம் யார் வயித்துக்குள்ள போச்சு?” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறான். “செருப்புல பேர் தெரியுது. அதையும் ஒட்டிடுங்கக்கா.” அவள் டேப்பைப் பல்லால் கடித்து இழுக்கிறாள், அது கிறீச்சென்று கிழிகிறது. லீவு நாளிலும் வந்து கேலரி நாற்காலிகளின் போல்ட்டுகளை முடுக்கிக் கொடுத்தால் மகளுக்கு ஒரு டிக்கெட் என்று சொன்னவன் இவன்தான். நாற்காலிகளை முடுக்கியாகிவிட்டது. பள்ளி அணியில் கோல்கீப்பராக நிற்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு டிக்கெட் பாக்கி.