ஓவனுக்கு அனுமதி

“ஓவனா? ஷீலா தரவே மாட்டா” என்றேன்.

சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், என் பழைய காரின் ஹெட்டர் குழாய் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. எஞ்சினின் கொதிக்கும் புகை முதலில் அதில்தான் இறங்கும். அந்தச் சூடு காருக்குள் ஏறாமலிருக்க இரண்டு வழி. குழாய்க்கு செராமிக் பெயின்ட் அடிக்கலாம், அல்லது கண்ணாடி இழை நாடாவைச் சுற்றலாம்.

எதைச் செய்வது என்று பல வாரங்கள் படித்தேன். பொறியியல் பட்டதாரி அல்லவா, அட்டவணைகூடப் போட்டேன். முடிவு மட்டும் வரவில்லை.

“பெயின்ட்தான் சார் நிக்கும்” என்றார் மெக்கானிக் ஜெயவேலு. “நாடா சுத்துனா மழைத்தண்ணி உள்ளயே ஊறிக்கினு பைப்பு துரு புட்சிடும். ஆனா பெயின்ட் அட்ச்சா ஓவன்ல வெச்சு வேக வெக்கணும்.”

“அப்புறம் அதுல கேக் செய்யலாமா?”

“அந்த நாத்தம் போவாது சார். அப்பால சாப்பாட்டுக்கு ஆவாது.”

என் மனைவி ஷீலாவின் ஓவன் பெரியது. கிறிஸ்துமஸ் வந்தால் சேலையூரில் பாதிப் பேர் வீட்டில் அவள் கேக்தான். அதன் கதவைத் திறக்கக்கூட எனக்குத் தைரியம் கிடையாது. அவள் வைத்த தட்டு வைத்தபடியே உள்ளே இருக்கிறது.

தன் காருக்காகக் காத்திருந்த கிரீஷ் என்ற மேடவாக்கத்து இளைஞர் சிரித்தார். “என்ன பாஸ், சொந்த வீட்டு ஓவனுக்கு விசாவா? அவங்க அம்மா வீட்டுக்குப் போறப்ப வெச்சு எடுத்துடுங்க.”

“அவ எங்கயும் போறதில்ல.”

“செம கன்ட்ரோல். ஒரு போன் போட்டாவது கேளுங்க பாஸ்.”

ஜெயவேலு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற தண்ணீர் லாரி வரை நடந்தேன். கெஞ்சும் கணவனின் முகம் எனக்கு இயல்பாகவே வரும். தலையைச் சொறிந்தேன். நடுவில் ஒரு ‘சரிம்மா’வும் போட்டேன்.

“முடியாதாம்” என்றேன், திரும்பி வந்து.

“குடுங்க, நான் பேசறேன். சிஸ்டர் நான் சொன்னா கேப்பாங்க.” கிரீஷ் கையை நீட்டினார். போனை எந்தப் பையில் ஒளிப்பதென்று தெரியாமல் நின்றேன்.

ஜெயவேலு நடுவில் வந்து, நீட்டிய கையில் கார் சாவியை வைத்தார். “புருசன் பொண்டாட்டி பேச்சுல உனக்கு இன்னா சார் வேல? உன் வண்டி ரெடி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வா.”

கிரீஷின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. ஜெயவேலு நாடாவை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினார். ஈரமாகச் சுற்றினால்தான் இறுகப் பிடிக்குமாம்.

“துரு பிடிக்கும்னு சொன்னீங்களே?”

“புடிக்கட்டும் சார். வேற பைப்பு போட்டுக்கலாம்.”

நாடாவைப் பிழிந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“ஷீலாக்கா அடக்கத்துக்கு நானும் வந்திருந்தேன்.”